சம்பந்திகள் ஆடிய குண்டு மேசை

ஓர் ஆட்டத்தை ஊரில் பிரபலமாக்க வேண்டுமென்றால் நன்றாக ஆடுகிறவனை மட்டும் நம்பி இறங்கக் கூடாது. யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் அரூரில் ஒரு கம்பவுண்டரை வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டில் கற்றுக்கொண்டது இது. யாரும் சொல்லித் தந்ததில்லை. சொல்லியிருந்தாலும் அந்த வயதில் கேட்டிருக்க மாட்டேன்.

நான் அங்கே காப்பி ஓட்டல் வைத்திருந்தேன். அன்றைக்கு எங்கள் பக்கமெல்லாம் சேலம் ஜில்லா. மலைப் பக்கத்து பங்களா ஒன்றில் இருந்த துரை பட்டாளத்துக்குக் கிளம்பும்போது தன் சாமான்களை ஏலத்தில் விட்டார். நான் போனது பீங்கான் கோப்பைகளுக்காக. கோப்பைகளை வேறொருவர் தட்டிக்கொண்டு போய்விட்டார். வெறுங்கையோடு திரும்பினால் வீட்டில் முகம் காட்ட முடியாது என்று, பில்லியர்ட்ஸ் மேசையைக் கேட்டுவைத்தேன். எனக்குப் போட்டியாக ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஏன் என்று வண்டியில் ஏற்றும்போது புரிந்தது. பச்சைத் துணிக்கு அடியில் மேசை முழுவதும் கல். இரண்டு ஜோடி மாடுகள் வழியெல்லாம் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தன.

ஓட்டலை ஒட்டியிருந்த கூடத்தில் அதை இறக்கினோம். கூடம் என் மாமனாருடையது. புளி வியாபாரம் செய்கிறவர். உலகத்தில் எந்த இடத்தைப் பார்த்தாலும் அதில் எத்தனை மூட்டை அடுக்கலாம் என்றுதான் அவருக்குத் தோன்றும். மேசையைச் சுற்றி ஒரு முறை நடந்துவிட்டுச் சொன்னார்.

"ஏனுங்க மாப்பிள்ள, கல்லுக்கு எதுக்குங்க மெத்த தெச்சுப் போட்டிருக்காங்க? சரி, இருக்கட்டும். மாசிக்குள்ள ஆளு வந்தா மேச. வரலைன்னா புளி."

ஊர்க்காரர்கள் அதற்கு குண்டு மேசை என்று பேர் வைத்துவிட்டார்கள். ஆட்டம் சுலபம். மேசையில் ஆறு குழி. வெள்ளைக் குண்டைக் கோலால் குத்தி, அது போய்த் தட்டுகிற நிறக் குண்டைக் குழியில் விழவைக்க வேண்டும். விழுந்தால் மறுபடி நீங்களே அடிக்கலாம். விழாவிட்டாலோ, கூடவே வெள்ளையும் விழுந்துவிட்டாலோ எதிராளி முறை. மற்றதெல்லாம் தீர்ந்த பிறகு கடைசியில் கறுப்பு. கறுப்பை விழவைக்கிறவருக்கே ஆட்டம் என்று சட்டம் போட்டேன். இந்தக் கடைசிச் சட்டம் துரைகளுடையது அல்ல, என்னுடையது. குண்டுகளை எண்ணித்தான் ஜெயிப்பு என்றால் கம்பவுண்டர் பாதி மேசையிலேயே ஆட்டத்தை முடித்துவிடுவார்.

கம்பவுண்டர் ஆஸ்பத்திரி முடிந்து வருவார். மாரண்டஹள்ளிப் பக்கத்துக்காரர். இளவயதில் பெங்களூரில் ஒரு கிளப்பில் சமையல்காரராக இருந்த சித்தப்பா வீட்டில் தங்கியிருந்து இந்த ஆட்டத்தைப் பழகியவர். தப்பு என்பது அந்தக் கைக்குத் தெரியாது. மருந்து கலக்கும் அதே முகத்தோடு வருவார், குனிவார், அடிப்பார், குண்டு போய் விழும். விழுந்ததும் தனக்கு மட்டும் கேட்கிற மாதிரி "ஆய்த்து" என்று கன்னடத்தில் சொல்லிக்கொள்வார். வேலை முடிந்தது என்று அர்த்தம். அடுத்த குண்டு, அடுத்த "ஆய்த்து". பார்க்கிறவர்களுக்குக் கொட்டாவி வந்தது. அவர் கோலை எடுத்தாலே கூட்டம் காப்பி குடிக்க எழுந்து போய்விடும். காப்பிக்கடைக்காரனாக எனக்கு அதில் வருத்தமில்லை. மேசைக்காரனாக வயிறு எரிந்தது.

அவருக்கு நேர் எதிர் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து சந்தைக்கு வரும் ஒரு பண்ணையக்காரர். நல்ல பூமி, நல்ல மீசை, ஆட்டம் மட்டும் சுத்தமாக வராது. அவர் குண்டுகளோடு பேசுவார். "ஏனுங்க செவப்பு, வெளிய வெயிலுங்க, உள்ள போயிருங்க" என்பார். சிவப்பு போகாது. "சரிங்க, உங்க இஷ்டம்" என்று கும்பிடுவார். தோற்றதும் தோள் துண்டை எடுத்து ஜெயித்தவருக்குப் போர்த்தி, அவரைக் கட்டிக்கொண்டு ஊருக்கே அவர் பெருமையைச் சொல்வார். கொஞ்ச நேரத்தில், "துண்டக் குடுங்க, வேர்க்குது" என்று வாங்கிக்கொள்வார். சந்தை நாளில் வருகிறவர்கள் எல்லாரும் வாசலில் வண்டியை நிறுத்தி, "பண்ணையக்காரர் வந்துட்டாருங்களா?" என்றுதான் கேட்பார்கள். கம்பவுண்டரைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை.

அவரும் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஒரு நாள் கூடத்தில் யாருமில்லாதபோது கோலைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கேட்டார்.

"நான் ஆடறது நல்லா இல்லீங்களா?"

"ஏனுங்க அப்படிக் கேக்கறீங்க?"

"ஒரு வாட்டி கூட யாரும் கை தட்டலீங்க. கிளப்புல சமையக்காரன் வூட்டுப் பையன் ஆடறான்னு கூடப் பாக்காம துரைங்க தட்டுவாங்க. அதக் கேட்டு ரொம்ப வருஷமாச்சுங்க."

எனக்குப் பாவமாகப் போய்விட்டது. இத்தனை நாளாக அந்த முகத்துக்குள் ஆசை ஒன்று இருக்கிறது என்றே நான் நினைக்கவில்லை. பொங்கல் கழிந்து வருகிற சந்தை நாளில் அவருக்கும் பண்ணையக்காரருக்கும் பெரிய ஆட்டம், அன்றைக்கு அரூரே அவருக்குக் கை தட்டும் என்று வாக்குக் கொடுத்தேன். மறுநாளே தமுக்கடித்து ஊரெல்லாம் சொல்லியாயிற்று.

அந்தத் தமுக்குச் சத்தம் அடங்குவதற்குள் வேறொன்று நடந்தது. என் கூடத்தில் அடிக்கடி பார்த்துப் பழகிய இருவரும் வீட்டு விஷயம் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். பண்ணையக்காரருக்குக் கல்யாண வயதில் மகன், கம்பவுண்டருக்கு மகள். ஜாதகம் பார்த்து, வெற்றிலை பாக்கு மாற்றி, நல்ல நாளில் தட்டும் மாற்றிவிட்டார்கள். விருந்தில் வடை தின்றுகொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. இனி இவர்கள் சம்பந்திகள். சம்பந்தியை ஊர் நடுவில் தோற்கடிப்பது எப்படி?

ஆட்டத்தை நிறுத்தவும் வழியில்லை. தமுக்கடித்த ஆட்டம் நின்றால் கல்யாணத்தில் ஏதோ வில்லங்கம் என்று பேச்சுக் கிளம்பும்.

கம்பவுண்டர் முகம் வெளிறி வந்து நின்றார். "நான் ஜெயிச்சா மாப்பிள்ள வூட்டுப் பொம்பளைங்க எம்பொண்ண நிம்மதியா வெச்சுக்குவாங்களா? வேணும்னே தோத்தேன்னு தெரிஞ்சாலோ, பிச்ச போட்டான்னு சொல்லுவாங்க. உண்மையாத் தோத்த மாதிரித் தோக்கணும். எனக்குத் தப்பா அடிக்கத் தெரியாதுங்களே." கை தட்டலைப் பற்றி அவர் பேசவே இல்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

அவர் போனதும் பின்வாசல் வழியாகப் பண்ணையக்காரர் வந்தார். "பொண்ணு குடுக்கறவரு மனசு நோகக் கூடாதுங்க. எப்படியாவது என்னத் தோக்க வெச்சுருங்க" என்றார்.

"அதுக்கு நீங்க தனியாப் பாடுபட வேண்டாங்க" என்றேன். அவருக்குக் கொஞ்சம் கோபம்.

ஆட்டத்தன்று கூடம் கல்யாணப் பந்தல் மாதிரி ஆகிவிட்டது. ஒரு பக்கம் மாப்பிள்ளை வீட்டார், மறு பக்கம் பெண் வீட்டார், நடுவில் மேசை. யார் சொன்னார்களோ, மேசை ஓரத்தில் சந்தனமும் வெற்றிலைத் தட்டும் வேறு வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் முன்வரிசையில் பண்ணையக்காரரின் அக்காள். அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம் என்று முன்பே கேள்விப்பட்டிருந்தேன். ஒரு நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு, கம்பவுண்டரின் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் மாமனார் மூலையில் நின்று, மூட்டைகளை எண்ணுவதை விட்டுவிட்டுத் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

முதலில் யார் அடிப்பது என்பதே தீரவில்லை.

"நீங்க அடிங்க சம்மந்தி."

"அய்யோ, நீங்க இருக்கையில நானாங்க? நீங்க அடிங்க."

காப்பி ஒரு சுற்று வந்து போயிற்று. கடைசியில் இருவரும் ஒரே கோலைப் பிடித்து, கும்பாபிஷேகத்தில் கலசம் தூக்குகிற பக்தியோடு முதல் அடி அடித்தார்கள். கூட்டம் எழுந்து நின்று பார்த்தது. ஆறு மாதமாக அந்த மேசைக்கு அப்படியொரு மரியாதை கிடைத்ததில்லை.

பிறகு ஆரம்பித்தது வேடிக்கை. கம்பவுண்டர் சிவப்பைத் தவறவிட வேண்டும் என்று ஓரமாக அடித்தார். சிவப்பு மேசை விளிம்பில் மோதி, எதிர் விளிம்பில் மோதி, நடுக் குழியில் சமத்தாக இறங்கியது. அவர் நெற்றியில் வேர்வை. அக்காள் முகம் சுருங்கியது. அடுத்ததை இன்னும் மோசமாக அடித்தார், அது இன்னொன்றையும் வெள்ளையையும் அழைத்துக்கொண்டு விழுந்தது. "மன்னிச்சுக்குங்க சம்மந்தி" என்றார். பண்ணையக்காரர் தன் முறை வந்தபோது தோற்கிற ஆசையில் கண்ணை மூடிக்கொண்டு குத்தினார். பிறந்ததிலிருந்து அவரால் விழவைக்க முடியாத பச்சை நேராகப் போய் விழுந்தது. அவர் அந்தக் குழியைப் பார்த்து, "என்னங்க இப்படிப் பண்ணிட்டீங்க" என்று கேட்டார். ஒவ்வொரு குண்டு விழும்போதும் விழவைத்தவர் மன்னிப்புக் கேட்க, மற்றவர் பரவாயில்லை என்று வெற்றிலை நீட்ட, கூடம் சிரித்துச் சிரித்துக் கிறங்கியது. வெளியே இடம் கிடைக்காதவர்கள் ஜன்னல் கம்பியில் ஏறி நின்றார்கள்.

மேசையில் கறுப்பு மட்டும் மிஞ்சியது. கம்பவுண்டர் முறை. கறுப்பு குழிக்கு எதிரே நேராக நின்றது, வெள்ளை அதற்கு நேர் பின்னால். ஆட்டம் தெரியாதவனுக்குக்கூட அது விழும் என்று தெரியும். சிரிப்பு நின்றுவிட்டது. விழுந்தால் சம்பந்திக்குத் தலைகுனிவு. அவர் கோணலாக அடித்தால் பிச்சை போட்டான் என்று அக்காள் எழுந்துவிடுவார்.

அவர் கோலை எடுத்தார். அன்று முதல் முறையாகப் பழைய முகம் திரும்பி வந்தது, மருந்து கலக்கிற முகம். குனிந்தார். அடித்தார். கறுப்பு நேராகக் குழிக்குப் போயிற்று. குழியின் ஒரு பக்கத்து உதட்டில் தட்டி, மறு பக்கத்து உதட்டில் தட்டி, தயங்கி, விளிம்பில் நின்றது. ஊதினால் விழும். விழவில்லை. "ச்சு" என்றது கூட்டம் முழுவதும்.

பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் இன்னொன்று கேட்டது. கம்பவுண்டர் தனக்குள், "ஆய்த்து" என்றார்.

என்னை அறியாமல் கை தட்டிவிட்டேன். நான் ஒருவன் மட்டும்.

அக்காள் திரும்பிப் பார்த்தார். "யாரது? பொண்ணு வூட்டுக்காரரு பாவம் தப்பா அடிச்சுட்டு நிக்கறாரு, அதுக்குக் கை தட்டறது?" பெண் வீட்டுப் பக்கம் இரண்டு பேர் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு எழுந்தார்கள். மாமனார் என் வேட்டியைப் பிடித்து இழுத்து, "மாப்பிள்ள, புத்தி கித்தி கெட்டுப்போச்சுங்களா?" என்று பல்லைக் கடித்தார். நான் நடத்துகிற கூடத்திலிருந்தே நான் வெளியேற்றப்பட இருந்தேன். என்ன விளக்கம் சொல்வது? அவர் வேண்டுமென்றே அப்படி நிற்கும்படி அடித்தார் என்று சொன்னால் எல்லாம் நாசம்.

காப்பாற்றியது பண்ணையக்காரர். கோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவரும் கை தட்டினார். "அட, தட்டுங்கப்பா எல்லாரும். எங்க சம்மந்தியும் நம்மள மாதிரி மனுசந்தான்னு இன்னிக்குத்தானே தெரிஞ்சுது. தப்பே பண்ணாதவரு வூட்டுல எப்படிங்க சம்பந்தம் பண்றதுன்னு எனக்கே பயமா இருந்துச்சு."

அக்காள் முதலில் சிரித்தார். அப்புறம் தட்டினார். அதற்குப் பிறகு அரூரே தட்டியது. ஜன்னலில் இருந்தவர்கள் கம்பியை விட்டுவிட்டுத் தட்டிக் கீழே விழுந்தார்கள். கம்பவுண்டர் கோலை ஊன்றிக்கொண்டு நின்றார். விளிம்பில் நின்ற கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து பண்ணையக்காரர், கறுப்பு இருந்த பக்கமே திரும்பாமல், வெள்ளையை எதிர்த் திசையில் ஓங்கிக் குத்தினார். வெள்ளை மேசையெல்லாம் சுற்றி, வேறு வேலை இல்லாததுபோல் திரும்பி வந்து கறுப்பைத் தொட்டது. கறுப்பு விழுந்தது. ஜெயித்த பண்ணையக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். பழக்கதோஷத்தில் துண்டை எடுத்துத் தோற்ற சம்பந்திக்குப் போர்த்தினார். அதைத் திரும்பக் கேட்கவில்லை.

மாசி வந்தது, புளி வரவில்லை. தட்டு மாற்றிய குடும்பங்கள் எல்லாம் என் கூடத்துக்கு வர ஆரம்பித்தன. சம்பந்தி எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை என்று பேச்சாகிவிட்டது. யார் அழகாக விட்டுக்கொடுக்கிறார் என்று பார்ப்பதற்குக் கூட்டம் சேர்ந்தது. நன்றாக ஆடினால் முகம் சுளித்தார்கள். மாமனார் முதல் வரிசையில் நாற்காலி போட்டு, யாராவது தப்பாமல் குண்டை விழவைத்தால் "மரியாத தெரியாதவரு" என்று தீர்ப்புச் சொல்வார். ஆட்டம் பிரபலமாகிவிட்டது, நன்றாக ஆட மட்டும் ஆளில்லை. கம்பவுண்டர் காலையில் ஆஸ்பத்திரி திறக்கும் முன் வந்து, கூடத்தில் தனியாக ஆடிவிட்டுப் போவார்.

வைகாசியில் கல்யாணம். பந்தியில் நான் உட்கார்ந்திருந்தேன். வரிசையாக விசாரித்துக்கொண்டே வந்த கம்பவுண்டர் என் இலை முன்னால் குனிந்தார்.

"ஒண்ணு கேக்கணுங்க. அன்னிக்கு எல்லாரும் எதுக்குத் தட்டுனாங்கன்னு தெரியும். மொதல்ல நீங்க தட்டுனீங்களே, அது எதுக்கு?"

"நீங்க 'ஆய்த்து'ன்னு சொன்னது என் காதுல வுழுந்துச்சுங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். பந்தி நடுவில், சாம்பார் வாளிகளுக்கு நடுவில் நின்று, அந்தப் பழைய துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

பின்னால் வந்துகொண்டிருந்த பண்ணையக்காரரின் அக்காள் அதைப் பார்த்துவிட்டார். பக்கத்தில் வந்து அவர் தோளைத் தொட்டார்.

"பெத்த மனசு, அப்படித்தான் இருக்கும். அழுவாதீங்க தம்பி. உங்க பொண்ண எங்க வூட்டுல கண்ணு கலங்க வுட மாட்டோம்."

கம்பவுண்டர் துண்டை எடுத்துவிட்டு அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, ஆமாம் என்று தலையாட்டினார்.