சலவைக்குப் போன ஒற்றை சாக்ஸ்

எங்கள் தெருமுனைச் சலவைக்கடை பெட்டியக்காவுக்கு அழுக்கு கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது. பேச்சுக்கு நின்ற தபால்காரரின் காலரை, அது அவர் கழுத்தில் இருக்கும்போதே துவைத்துவிட்டாள். காயும்வரை மனிதர் தலையைத் திருப்பவில்லை.

பெட்டியக்கா என்ற பெயர் வேறொரு வேலையால் வந்தது. பெற்றவர்களைப் பறிகொடுத்த பிள்ளைகளுக்கு, சட்டை அடுக்கும் அட்டைப்பெட்டியில் பூத்துணி ஒட்டி ஞாபகப்பெட்டி செய்து கொடுப்பாள். உள்ளே வைப்பது பிள்ளையின் இஷ்டம். பல் போன சீப்பானாலும் சரி, பெரியவர்கள் வாயைத் திறக்கக் கூடாது.

அப்படித்தான் பஸ் டிரைவரின் மகள் வந்தாள். அப்பாவின் துணிமணியெல்லாம் துக்கம் நடந்த வாரமே அக்கா கடையில் வெளுத்து முடிந்திருந்தது. கட்டிலுக்கடியில் தப்பியது ஒற்றை சாக்ஸ். அந்த டிரைவர் ஷூவைக் கழற்றினால் சுவர்ப்பல்லி வாலை விட்டுவிட்டு ஓடும், நம்புங்கள்.

"அப்பா வாசனை போகக் கூடாது அத்தை. மூடி இறுக்கமா இருக்கணும்."

"காத்துகூடப் போகாதுடி கண்ணு."

மூடி இறுக்கமாகத்தான் அமைந்தது. ஆனால் பசை காய்வதற்குள் அக்காவின் கை புத்தியைக் காட்டிவிட்டது. சாக்ஸைத் துவைத்து, இஸ்திரியும் போட்ட பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. தலையில் கைவைத்து உட்கார்ந்தவள், எழுந்து டிரைவரின் தம்பி வீட்டுக்கு ஓடினாள்.

"உங்க அண்ணன் கால்தானே உங்களுக்கும்?"

"அதை ஏன் கேக்குறீங்க. என் ஷூ மொட்டைமாடியிலதான் குடியிருக்கு. வீட்டுக்காரி உள்ள விடுறதில்ல."

"நல்லதாப் போச்சு. இந்தாங்க, மாட்டுங்க."

ஒரு வாரம் அதைக் கழற்றாமல் ஆபீஸ் போனார். லிஃப்டில் அவருக்குத் துணைக்கு யாரும் ஏறவில்லை.

பிள்ளை வந்ததும் அக்கா எதையும் மறைக்கவில்லை. "தெரியாம துவைச்சுட்டேன்டி. சித்தப்பாவைப் போடச் சொல்லி வாங்கியிருக்கேன்."

பிள்ளையின் உதடு பிதுங்கியது. சாக்ஸை வாங்கி, கண்ணை மூடி மோந்தாள். கடைக்கு வந்திருந்த சித்தப்பா பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர்போல நின்றார்.

"அப்பா மாதிரிதான் இருக்கு," என்றாள். மறுபடி மோந்தாள். "ஆனா எங்கப்பா இதைவிட மோசம்."

அந்தக் குரலில்தான் எத்தனை பெருமை.

"இதுக்கு மேலயா?" என்றார் சித்தப்பா.

"இன்னும் ரெண்டு நாள் போடுங்க சித்தப்பா. வந்துரும்."

அவர் உட்கார்ந்து சாக்ஸை மாட்டினார். பெட்டியக்கா தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கட்டிக்கொண்டாள்.