சரிவில் தெரிந்த தாடை

ஊரில் பாதிப் பேருடைய வாய் அவருக்கு மனப்பாடம். பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். அதை வைத்துப் பல்செட் செய்து கொடுப்பது அவர் வேலை. யாருடைய முகத்தையும் பார்த்தது கிடையாது. ஆனால் கடைத்தெருவில் எவராவது வாய்விட்டுச் சிரித்தால், தன் கைவேலையா என்று நின்று உற்றுப் பார்ப்பார். மனைவி சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார். ஊருக்கே அவர் பல்செட்டுக்காரர். மாடியில் ஒற்றை அறை, சன்னலோரம் மேசை, மெழுகு உருக்கும் சிறு அடுப்பு, மெருகேற்றும் மோட்டார், எதைத் தொட்டாலும் கையில் ஒட்டும், அச்சு வார்க்கிற வெள்ளை மாவு. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதுதான் அவர் உலகம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் கடற்கரையில் நடப்பார்கள். மணல் முடிகிற இடத்தில் சாம்பல் நிற மண்பாறை சுவர் போல் செங்குத்தாக நிற்கும். ஒரு பெருமழைக்குப் பிறகு அதில் ஒரு பக்கம் உதிர்ந்திருந்தது. புதிதாகத் தெரிந்த பாறை முகத்தில், நெஞ்சு உயரத்தில், ஒரு வரிசைப் பற்கள்.

பல்லின் மினுமினுப்பு அவருக்குத் தெரியாததா? கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். முன்னால் இருந்தவை மெல்லிய ஆணிகள் போல நீட்டிக்கொண்டிருந்தன. பின்னால் இருந்தவை அகலமாக, முக்கோணமாக, விளிம்பில் ரம்பம் போல வெட்டுவெட்டாக இருந்தன. இரண்டு மீன்கள் ஒன்றன்மேல் ஒன்று செத்துக் கிடக்கின்றன என்று அடித்துச் சொன்னார்.

"வாரம் பூரா பல்லு. இன்னிக்குமா?" என்றார் மனைவி.

இருந்தாலும் பல்செட்டுக்காரர் படம் எடுத்து அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். மறுநாளே ஒரு பெண் ஆய்வாளர் வந்துவிட்டார். பழங்கால எலும்புகள்தான் அவர் படிப்பு. பாறையைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டுவிட்டுப் பற்களை ஒவ்வொன்றாக எண்ணினார்.

"மீன் இல்ல சார். ரெண்டு இல்ல, ஒண்ணுதான். டால்பினோட ரொம்பப் பழைய சொந்தம். இப்ப இருக்கற டால்பினுக்கு எல்லாப் பல்லும் ஒரே மாதிரி. இதுக்குப் பிடிக்க ஒண்ணு, அறுக்க ஒண்ணு. நம்ம வாய் மாதிரி."

இரண்டரைக் கோடி ஆண்டுகள் இருக்கலாம் என்றார். பல்செட்டுக்காரருக்கு வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. மூக்கு எங்கே என்று கேட்டார். மூக்குத் துளை தலைமுறை தலைமுறையாக முகத்தின் நுனியிலிருந்து நெற்றிக்கு ஏறியிருக்கிறது, இந்த விலங்கில் எதுவரை வந்திருந்தது என்பது மண்டை ஓட்டை எடுத்தால்தான் தெரியும் என்று விளக்கினார் ஆய்வாளர். அதைவிட முக்கியம் காது எலும்பு. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். ஒலியை அனுப்பி, அதன் எதிரொலியைக் கேட்டு இருட்டில் இரை பிடித்ததா என்பதை அதுதான் சொல்லும்.

"அந்த ஒரு எலும்பு கிடைச்சா போதும் சார்."

மண்டை ஓடு பாறைக்குள் ஆழமாகப் போயிருந்தது. மேலே பாறை முன்னால் துருத்திக்கொண்டு நின்றது. அதற்கும் மேலே சாலை. நகராட்சிப் பொறியாளர் வந்து சாலையோரம் நடந்து பார்த்தார். ஒரு கை முழுவதும் நுழைகிற விரிசல் ஓடியிருந்தது.

"கீழ உளி வெச்சா மேல இருக்கறது உங்க தலைல விழும் மேடம். நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

மேலிருந்து வெட்டி எடுக்க இயந்திரம் வேண்டும், சாலையை மூட வேண்டும். மழைக்காலம் முடியட்டும் என்றார். ஆய்வாளர் மன்றாடிப் பார்த்தார். வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை மட்டும் எடுத்துக்கொள்ள ஒரு முற்பகல் அனுமதி கிடைத்தது. விரிசலைக் கவனிக்க மேலே ஓர் ஆள் நின்றார். ஆய்வாளர் வெட்ட, எலும்பு உதிராமலிருக்க இவர் அச்சு மாவைக் குழைத்து அதன்மேல் பூசினார். பற்களோடு தாடைத் துண்டு ஒன்று வந்தது. அது இருந்த குழிக்குள் பழுப்பாக ஒரு வளைவு தெரிந்தது. இவர் விரலை விட்டுத் தொட்டார். எலும்புதான். அதற்குள் மேலே நின்றவர் வெளியே வரச் சொல்லி விசில் ஊதிவிட்டார்.

மழைக்காலம் முடியும்வரை கடல் பொறுக்கவில்லை. புயல் வந்தது. பல்செட்டுக்காரர், ஆய்வாளர், பொறியாளர் மூவரும் சாலையில் கட்டிய கயிற்றுக்கு இப்பால் நனைந்தபடி நின்றார்கள். அலை பாறையின் அடியிலேயே அடித்துக்கொண்டிருந்தது. ஆய்வாளர் போனில் யார் யாரிடமோ பேசினார். பிறகு போனைப் பைக்குள் போட்டுவிட்டார். சாயங்காலம் பாறையின் முன்பக்கம் மொத்தமாகக் கழன்று, சாலையில் பாதியையும் இழுத்துக்கொண்டு கடலில் இறங்கியது.

"நல்லவேளை, ஆள் யாரும் இல்ல" என்றார் பொறியாளர். அவர் சொன்னது நியாயம்தான்.

புயல் ஓய்ந்து கடல் உள்வாங்கியபோது போய்ப் பார்த்தார்கள். பேருந்து அளவுக்கு ஒரு பாறை குப்புறக் கிடந்தது. மண்டை ஓடு அதன் அடிப்பக்கம்தான் இருக்க வேண்டும். அந்த மணலில் கிரேன் இறங்காது. அத்தனை கல்லுக்கு நடுவே படகும் நெருங்க முடியாது. கேட்காத இடமில்லை. வெறும் நாலு பல்லை வைத்து அந்த விலங்குக்குப் பெயர் வைக்க முடியாது என்றும் ஆய்வாளர் சொல்லிவிட்டார். பெட்டியின்மேல், டால்பினையும் சேர்த்த பொதுப்பெயராக, "பல் திமிங்கிலம், இனம் தெரியவில்லை" என்று எழுதி அலமாரியில் வைத்தார்கள்.

"பேரே கிடையாதா?" என்று மனைவி கேட்டார். கிடையாது என்று இவர் தலையாட்டினார்.

கடல் உள்வாங்கும் நாட்களில் இப்போதும் போகிறார். முழங்கால் தண்ணீரில் நின்று, பாறையின் அடியில் கையைவிட்டுத் துழாவுவார். மணல்தான் வரும். மனைவி துண்டோடு கரையில் காத்திருப்பார். முன்போல் கேலி செய்வதில்லை.

சில மாதங்களுக்கு ஒருமுறை ஆய்வாளர் போன் செய்வார்.

"பாறை இன்னும் இருக்கா சார்?"

"இருக்கு மேடம். அலை அரிச்சு, போன தடவைக்கு இப்ப கொஞ்சம் சின்னதாயிருக்கு."

இவர் கையில் ஒட்டியிருக்கும் மாவைச் சட்டையில் துடைத்துக்கொள்வார்.

"வேற என்ன மேடம்?"

"ஒண்ணுமில்ல சார். சும்மாதான் கேட்டேன்."