நாலாம் நாள் மருந்து

"...அந்தக் கிருமிக்கு ஒங்கள நல்லாத் தெரியும்ப்பா. இந்த ஆளு மூணு நாளைக்கு மேல மருந்து எடுக்க மாட்டாருன்னு தெரிஞ்சு, ஒரு ஓரமா குத்தவச்சுக்கிட்டு இருக்கும், நாலாவது நாளு எப்ப வரும்னு."

நர்ஸம்மா இதைச் சொன்னபோது கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். மடியில் மஞ்சப்பை. கைலி, துண்டு, டம்ளர் எல்லாம் எடுத்து வைத்தாகிவிட்டது. அன்று நாலாவது நாள். "காச்சல் விட்டுருச்சு, வீக்கமும் வத்திருச்சு. நான் வீட்டுக்குப் போறேன் ஆத்தா" என்று, ஊசி மருந்தோடு வந்தவரைத் தடுத்து வைத்திருந்தேன். பதினாலு நாள் ஏற்ற வேண்டிய மருந்து அது.

கூடவே என் கைவசம் இருந்த பழமொழியையும் எடுத்து விட்டேன். விருந்தும் மருந்தும் மூணு நாள். அதற்குத்தான் அவர் அப்படிச் சொன்னார்.

வல்லத்திராக்கோட்டையில் டீக்கடை வைத்திருப்பவன் நான். விடிந்தால் அடைந்தால் நாலு பேர் முகம் பார்த்துப் பேசியே பிழைத்தவன். பள்ளிக்கூடம் எனக்கு ஒட்டவில்லை. படித்ததெல்லாம் கடைக்கு வருகிறவர்கள் வாயிலிருந்துதான். அவர்கள் சொலவடைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு அவர்களுக்கே திருப்பிக் கொடுப்பேன். இந்த விருந்து மருந்துப் பழமொழியை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ. சொன்னதோடு நின்றிருந்தால் பரவாயில்லை.

எங்கள் பக்கம் மெடிக்கல் கடையில் போய் "காச்சலுக்கு ஒரு செட்டு குடுங்க" என்றால் போதும். சின்னக் காகிதக் கவரில் நாலு நிறத்தில் மாத்திரை போட்டுத் தருவார்கள். சீட்டு வேண்டாம், டாக்டர் வேண்டாம். மூணு நாளில் எனக்குச் சரியாகிவிடும். மிச்சத்தை பிஸ்கட் பாட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு வைப்பேன். தும்மினாலும் அதிலிருந்து ஒன்று, இருமினாலும் ஒன்று. மீமிசலிலிருந்து வண்டியில் மீன் கொண்டுவருகிறவர் டீயைக் குடித்துவிட்டு, "அண்ணே, அந்தச் செவப்பும் மஞ்சளுமா இருக்குமே, அதுல ஒண்ணு குடுங்க. போன தடவ நல்லாக் கேட்டுச்சு" என்பார். கொடுப்பேன். கொடுப்பதில் ஒரு பெருமை.

இந்தமுறை என் காலில் கருவேல முள் ஏறியது. சர்க்கரைக் கால், ஏறியதே தெரியவில்லை. புண் வைத்த பிறகு ஒரு செட்டு தின்றேன், கேட்கவில்லை. பாட்டிலில் இருந்ததைத் தின்றேன், அதுவும் கேட்கவில்லை. கணுக்கால் வரை வீங்கிக் குளிர்காய்ச்சல் வந்த பிறகுதான் புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினேன். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டு, சீழை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள்.

டாக்டர் அந்த ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து காட்டினார். மருந்துப் பெயர்களாக ஒரு வரிசை. "ஆர் போட்டிருந்தா ஒங்க கிருமி அந்த மருந்துக்குக் கேக்காதுங்கய்யா. எஸ்னா கேக்கும்." மேலிருந்து கீழே வரை ஆர், ஆர், ஆர். "இது என்ன மருந்து?" என்று ஒன்றைத் தொட்டுக் கேட்டேன். "செவப்பும் மஞ்சளுமா ஒரு மாத்திரை வருமே, அதுதான்." நான் கையை எடுத்துக்கொண்டேன். கடைசியில் ஒரே ஒரு எஸ் இருந்தது. "இதையும் பாதில விட்டீங்கன்னா, அப்புறம் காலத்தான் எடுக்க வேண்டியிருக்கும்" என்றார்.

மற்றவர்களுக்கு ஒட்டிவிடக் கூடாதென்று வராந்தாவின் கடைசி அறையில் என்னைத் தனியாகப் போட்டார்கள். கையுறை இல்லாமல் உள்ளே வரக்கூடாது என்று கதவில் ஒரு காகிதம். முதல் நாள் கடைக்காரக் கூட்டாளிகள் நாலு பேர் பன்னும் பழமும் வாங்கி வந்து, காகிதத்தைப் படித்துவிட்டு வாசலோடு நின்றார்கள். இரண்டாம் நாள் இரண்டு பேர். மூன்றாம் நாள் மீன்காரர் மட்டும். "கிட்ட வரலண்ணே. வீட்ல பச்சப்புள்ள இருக்கு, கோவிச்சுக்கிறாதீங்க" என்று வாசலில் நின்றபடியே கும்பிட்டுவிட்டுப் போனார். நாலாம் நாள் யாரும் வரவில்லை. பழமொழியில் விருந்து பற்றிய பாதி சரியாகத்தான் இருந்தது.

துபாயிலிருந்து மகன் போன் பண்ணுவான். "சாப்டீங்களாப்பா? தூங்குனீங்களாப்பா?" அப்புறம் டூட்டிக்கு நேரமாகிவிடும். என் வீட்டுக்காரி போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவள் இருந்திருந்தால் கதவில் ஒட்டிய காகிதத்தைக் கிழித்து மடியில் கட்டிக்கொண்டு உள்ளே வந்திருப்பாள்.

பேச ஆளில்லாமல் ஒரு மத்தியானம் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்து ஒரு சொலவடை சொன்னேன். டேபிள் ஃபேனாக இருந்தால் தலையையாவது ஆட்டியிருக்கும்.

அதனால்தான் பையைக் கட்டினேன். காய்ச்சல் விட்டதால் இல்லை. இன்னும் பத்து நாள் அந்த அறையில் என் குரலை நானே கேட்டுக்கொண்டு கிடக்க முடியாது என்றுதான்.

"வீட்டுக்குப் போனா மட்டும் யாருப்பா இருக்கா?" என்றார் நர்ஸம்மா.

"கடையத் தொறந்தா நாலு பேரு வருவாங்க ஆத்தா."

"வருவாங்க. ஒங்க கிருமியையும் கையோட வாங்கிட்டுப் போவாங்க. டீ வாங்குனா கிருமி சும்மா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாலு நாளில் அதுதான் முதல் சிரிப்பு. சிரித்த பிறகு அந்தக் கண்ணாடிப் பாட்டிலும், வாசலில் நின்று கும்பிட்ட மீன்காரரும், அவர் வீட்டுப் பச்சப்புள்ளையும் ஞாபகத்துக்கு வந்தார்கள். ஊசிக்குக் கையை நீட்டினேன்.

மருந்தை ஏற்றிவிட்டு, அவர் என் மடியிலிருந்த பையை எடுத்தார். டம்ளரை மேசையில் வைத்தார். கைலியை உதறி ஜன்னல் கம்பியில் போட்டார். பிறகு, போகிற போக்கில், என் செருப்பு இரண்டையும் காலாலேயே ஒதுக்கி, கட்டிலுக்கு அடியில், எனக்கு எட்டாத மூலைக்குத் தள்ளிவிட்டார்.