மாடசாமியின் பெரிய டயர்

மாடசாமிக்குப் பெரிய மனுஷனாக வேண்டும் என்ற ஆசை பிறவியிலேயே இருந்தது. அதற்கு வேண்டிய மற்ற எதுவும் அவனிடம் இல்லை. இதை அவன் பெண்சாதி இராக்கம்மா கல்யாணமான முதல் மாதத்திலேயே கண்டுகொண்டாள். ஹல்துமுல்லைக்குக் கீழே உள்ள தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, பண்டாரவளை மரக்கறி முதலாளி ஒருவரிடம் லொறி ஓட்டி, தொண்ணூற்றாறில் பழைய டீசல் பிக்கப் ஒன்றைச் சொந்தமாக்கிக்கொண்டவன் அவன். அன்றிலிருந்து யாராவது ‘டிரைவர்’ என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டான். ‘முதலாளி’ என்று கூப்பிட லயத்து வீடுகளில் யாருக்கும் வாய் வரவில்லை. ஆகவே பல நாள் அவன் யார் பக்கமும் திரும்பாமலே போய்வந்தான்.

வண்டி என்னவோ நல்ல வண்டி. கோவா, கரட் என்று மரக்கறி மூட்டைகளைச் சந்தைக்கு ஏற்றியது, வலி வந்த பெண்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது, வருடத்துக்கு ஒருநாள் மாரியம்மனையும் சுமந்தது. திருவிழாவுக்குப் பின்தட்டில் மூங்கிலும் கலர்த்தாளும் கட்டினால் அதுதான் தேர். கிளம்பும் முன் பூசாரி முதல் பரிவட்டத்தைத் தேர் ஓட்டுகிறவன் தலையில் கட்டுவார். தோட்டத்துத் தலைவருக்கும் கங்காணிக்கும் அதற்குப் பிறகுதான். அந்தத் துணிக்காகவே மாடசாமி மீதி நாட்களைத் தள்ளினான். இதில் மட்டும் இராக்கம்மா அவனை இளக்காரமாக நினைக்கவில்லை. அவள் பிறந்த வீடு மலையடியில், பணிய லயம் என்கிற கீழ்வரிசை வீடுகளில் இருந்தது. தலையில் பரிவட்டத்தோடு புருஷன் அம்மனைக் கொண்டுவந்து அம்மா வீட்டு வாசலில் நிறுத்தும்போது அவளுக்கும் நெஞ்சு நிமிரும்.

இரண்டாயிரத்து மூன்றில் கொழும்பிலிருந்து ஒரு பெரிய புள்ளி தோட்டத்துக்கு வந்துபோனார். அவர் என்ன பேசினார் என்று ஒருவருக்கும் ஞாபகமில்லை. அவர் வந்த ஜீப்பின் டயர் மாத்திரம் மாடசாமியின் கண்ணுக்குள் புகுந்துகொண்டது. அடுத்த வாரமே பண்டாரவளைக்குப் போய், டயர் கடை புவாத்திடம் அதே மாதிரி வேண்டும் என்று நின்றான். எங்கேயோ உடைத்த ஜீப்பிலிருந்து கழற்றிய நாலு டயர் புவாத்தின் கடை மூலையில் நெடுநாளாக இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. தானாக வந்த ஆளை புவாத் விடுவாரா? பழைய டயர்களையும் மாற்றுக்கு வாங்கிக்கொண்டு, தேத்தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார்.

டயர் வண்டிக்குள் அடங்கவில்லை. அடங்காது என்று தெரிய பெரிய படிப்பு வேண்டாம். கராஜில் மட்கார்டின் ஓரத்தை வெட்டிச் சுத்தியலால் அடித்தார்கள். பின்பக்கத்து ஸ்பிரிங் வில்லுக்கு அடியில் கட்டை கொடுத்து உயர்த்தினார்கள். அப்படியும் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் முன்டயர் உரசியது. கராஜின் மெக்கானிக் பாஸ் ஒரு வழி செய்தார். முன்சில்லு எவ்வளவு திரும்பலாம் என்று தடுத்து நிறுத்துகிற போல்ட்டை வெளியே இழுத்துவிட்டார். அதன் பிறகு டயர் உரசவில்லை. வண்டியும் முழுதாகத் திரும்பவில்லை.

லயத்து வாசலில் வந்து இறங்கியவன், இறங்கியவன் என்ன, குதித்தவன், இடுப்பில் கைவைத்து நின்றான். இராக்கம்மா வண்டியையும் பார்த்தாள், அவனையும் பார்த்தாள். வண்டி உயர்ந்ததில் ஆள் இன்னும் கட்டையாகத் தெரிந்தான். அதைச் சொல்லாமல் உள்ளே போய்ச் சிரித்தாள்.

சிரிப்பு நாளாக ஆக வற்றியது. பெண்கள் மூட்டையைப் பின்தட்டுக்குத் தூக்கமுடியாமல் வேறு வண்டி தேடினார்கள். ஏற்றத்தில் எஞ்சின் மூச்சுவாங்கியது. மலைப்பாதை வளைகிற ஒவ்வொரு முடக்கிலும் ஒரே ஒடிப்பில் திரும்பிய வண்டி, இப்போது முன்னுக்குப் போய், பின்னுக்கு வந்து, மறுபடி முன்னுக்குப் போனது. பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடித்து வாய்க்கு வந்ததைச் சொன்னால், தன் டயரைப் பார்த்து வயிறெரிகிறான் என்பான் மாடசாமி.

இராக்கம்மாவுக்குத் திருவிழாவை நினைத்துத்தான் கவலை. கோயிலை விட்டுக் கிளம்பிய அம்மன் பின்னுக்குப் போகக்கூடாது. மேளக்காரன் துண்டை மறந்துவிட்டு வந்தாலும் ஊர்வலம் ஓரடி திரும்பாது.

“பழைய டயர வாங்கி மாட்டுங்க. பணிய லயத்து முடக்குல சாமிய வச்சுக்கிட்டு ரிவர்ஸ் எடுப்பீங்களா?” என்று கேட்டாள்.

“அதெல்லாம் அம்மா பாத்துக்குவா” என்றான்.

அம்மனுக்கு எத்தனையோ வேலை. இவன் மடத்தனத்துக்கும் அவளையே பொறுப்பாக்கினான்.

திருவிழா அன்று முதல் பரிவட்டம் மாடசாமிக்குத்தான் கட்டினார்கள். மேல் லயங்களில் பெண்கள் அர்ச்சனைத் தட்டை நுனிக்காலில் நின்று நீட்டியும் பின்தட்டில் நின்ற பூசாரிக்கு எட்டவில்லை. ஊரே தன்னை அண்ணாந்து பார்ப்பதாக மாடசாமிக்குப் பூரிப்பு. தட்டில் கற்பூரம் அணைந்ததை அவன் கவனிக்கவில்லை.

பிறகு அந்த முடக்கு வந்தது. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் தேயிலைச் சரிவு. மாடசாமி ஸ்டியரிங்கை ஒடித்தான். வண்டியின் மூக்கு மேட்டில் போய் நின்றது. மேளம் ஓய்ந்தது. அவன் கை கியரைத் தேடியபோது பின்தட்டிலிருந்து பூசாரியின் குரல் வந்தது.

“மாடசாமி, பின்னுக்கு எடுத்தியோ, நான் அம்மாவோட எறங்கிருவேன்.”

அவன் முன்னுக்கே அழுத்தினான். மட்கார்டு மண்ணைக் கடித்தது, மூங்கில் தேர் சரிவுப் பக்கம் சாய்ந்தது. அதற்கு மேல் யாரும் அவனிடம் எதையும் கேட்கவில்லை. பணிய லயத்து ஆண்கள் பின்தட்டில் ஏறித் தேரின் கட்டுகளை அவிழ்த்து, அம்மனைத் தோளில் இறக்கிக்கொண்டார்கள். முன்னால் தோள்கொடுத்தவன் இராக்கம்மாவின் தம்பி கஜேந்திரன்.

பூசாரி டிரைவர் பக்கத்து ஜன்னலுக்கு வந்து கையை உயர்த்தினார். எட்டவில்லை.

“தலையக் குனி” என்றார்.

மாடசாமி ஜன்னலுக்கு வெளியே தலையைக் குனிந்தான். பூசாரி பரிவட்டத்தை அவிழ்த்துக்கொண்டுபோய்க் கஜேந்திரனின் தலையில் கட்டினார். மேளம் தொடங்கியது. இராக்கம்மா தட்டோடு அம்மன் பின்னால் இறங்கிப் போனாள். கூடப் பிறந்தவன் தலையில் பரிவட்டம், அம்மா வீட்டு வாசலில் சாமி. இருந்தும் தேங்காய் உடைத்தபோது அவளுக்கு, இப்படியும் ஒரு மடையனுக்கு வாழ்க்கைப்பட்டோமே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

பழைய டயர்களை புவாத் எப்போதோ விற்றுவிட்டிருந்தார். அடுத்த வருடம் அம்மன் கோயிலிலிருந்தே தோளில் புறப்பட்டாள். மாடசாமியின் பிக்கப்புக்கும் ஒரு வேலை கொடுத்தார்கள். ஊர்வலத்தின் கடைசியில் லைட்டுக்கும் ஸ்பீக்கருக்கும் கரண்ட் கொடுக்கிற ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு வந்தது. பணிய லயத்து முடக்கில் இராக்கம்மா திரும்பிப் பார்த்தாள். மாடசாமி ஒரு கையால் வெறுந்தலையைத் தடவியபடி, முன்னுக்குப் போய், பின்னுக்கு வந்து, மறுபடி முன்னுக்குப் போய்க்கொண்டிருந்தான். ஜெனரேட்டர் பின்னுக்குப் போவதில் யாருக்கும் ஆட்சேபணை இருக்கவில்லை.