விறகடுப்பு ஓரத்தில் இரண்டு போத்தல்

கரண்ட் அடிக்கடி நின்றுபோன அந்த வருடம் பல்கலைக்கழகத்தில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பிடுங்கிப்போட்ட பழைய தேயிலைச் செடிகளின் கட்டையைத் தூளாக்கி, அதிலிருந்து சீனியைப் பிரித்தெடுத்து, அதைப் பாக்டீரியாவைக் கொண்டு சாராயமாக மாற்றுவதுதான் என் ஆராய்ச்சி. அந்தப் பாக்டீரியாவுக்குக் கை சுடுகிற வெப்பம் வேண்டும். கரண்ட் போய், அதை வைத்திருக்கும் சூட்டுப் பெட்டி ஆறினால் வேலை நின்றுவிடும். திரும்பத் திரும்ப முதலிலிருந்து தொடங்கினேன்.

கடைசியில், என் ஆராய்ச்சிக்குப் பொறுப்பான மேடத்திடம் கெஞ்சி அனுமதி வாங்கி, பாக்டீரியா கலந்து மூடி இறுக்கி, மூடியில் செருகிய குழாயின் வாயையும் கட்டிய இரண்டு போத்தல்களை வெந்நீர் ஊற்றிய பெட்டியில் வைத்துக்கொண்டு ஹட்டன் பஸ்ஸில் ஏறினேன். நோர்வூட் பக்கத்திலுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்து பெக்டரியில், கொழுந்து காய வைக்கும் விறகடுப்பில் மாமாவுக்கு வேலை. அந்த அடுப்பு கரண்டை நம்பி எரிவதில்லை.

லயத்தில் எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா பெட்டியைத் திறந்து பார்த்தார்.

“என்னா புள்ள இது?”

“சீனித் தண்ணிம்மா. சாராயமா மாறும்.”

“சாராயமா! கசிப்பு காச்சுறாங்கன்னு எவனாவது பொலிஸுக்குச் சொன்னா மாமா வேல போயிருமே!”

கள்ளச்சாராயம் என்று நினைப்பார்கள் என்பது அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. மாமா மட்டும் சிரித்தார். “பெக்டரி அடுப்பு ஓரமா வைம்மா. யாராச்சும் கேட்டா நான் பேசிக்கிறேன்.”

அங்கே சூடு ஒரே அளவில் நிற்கவில்லை. மாமா விறகு தள்ளும்போதெல்லாம் வெப்பமானியைப் பார்த்துப் போத்தல்களை நகர்த்தினேன். வெளியே போவேன், உடனே திரும்பி வருவேன். மறுநாள் காலை அவசரத்தில் ஒன்றைச் சூடேறிய இரும்பின்மேல் வைத்துவிட்டேன். அது வெடித்தது. புளிப்பும் சாராயமும் கலந்த வாடை கிளம்பிய நேரத்தில் பெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் உள்ளே வந்தார்.

“யாரு இத உள்ள கொண்டாந்தது?”

“என் தங்கச்சி மகதாங்க. படிப்புக்குங்க,” என்றார் மாமா.

ஆராய்ச்சியைப் பற்றி விளக்கினேன். அவர் நம்பினாரா தெரியவில்லை. “இப்பவே எடுத்துட்டுப் போயிரு,” என்றார் என்னிடம். “ஒன்ன நான் அப்புறம் பாத்துக்கிறேன்,” என்று கடைசியில் மாமாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மிஞ்சிய போத்தலின் குழாய்க் கட்டை அவிழ்த்து, அதன் நுனியை ஒரு கிளாஸ் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். குமிழ்கள் விடாமல் வந்தன; பாக்டீரியா வேலை செய்துகொண்டிருந்தது. சந்தோஷப்படத் தோன்றவில்லை. அன்றே பஸ் ஏறினேன். பரிசோதித்ததில் சாராயம் இருந்தது. கொஞ்சம்தான், ஆனால் ஆராய்ச்சியைத் தொடரப் போதும் என்றார் மேடம்.

“ரெண்டு ஏச்சு ஏசிட்டு விட்டுட்டாங்களாம், மாமா அதே அடுப்புலதான் நிக்கிறாரு,” என்று அம்மா போன் செய்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.