இருபத்து நான்கு கிலோ என்று சொன்ன டிங்கி

மாமாவின் 22 அடிப் பாய்மரப் படகு மண்டபம் ஊர்க் கடற்கரையில் நிற்கிறது. கரையோரம் ஆழம் போதாது. தள்ளி நங்கூரம் போட்டுவிட்டு, டிங்கி என்கிற குட்டிப் படகில்தான் கரைக்கு வர வேண்டும். பழைய டிங்கி உடைந்துபோனதால், போன புதன்கிழமை புதியது பார்க்க அவனியாபுரம் போனோம். டிங்கியை நான் தனியாளாகப் படகில் ஏற்ற முடிந்தால் தை மாதப் பயணத்துக்கு நானும் வரலாம், இல்லையென்றால் கூலிக்கு ஆள் வைத்துக்கொள்வதாக மாமா சொல்லியிருந்தார். பத்தாவதோடு படிப்பை விட்டு வீட்டிலேயே கிடக்கிற எனக்கு அந்தப் பயணத்தை விட மனமில்லை.

டி. கல்லுப்பட்டியில் காலை 7.10க்கு பஸ். மதுரை பெரியார் நிலையம் 42 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், 40 ரூபாய். அங்கிருந்து ஷேர் ஆட்டோ 20 ரூபாய். (முதலில் 30 கேட்டார். மாமா முறைத்ததும் 20 ஆனது.)

நாங்கள் போனது, தண்ணீர்த் தொட்டியும், கண்மாயில் மீன் வளர்ப்பவர்களுக்குப் படகும் செய்கிற ஃபைபர் பட்டறை.

"ஏழடிண்ணே. இருபத்தி நாலே கிலோ. பாப்பா இடுப்புல வச்சே தூக்கிட்டுப் போயிரும்" என்றார் பட்டறைக்காரர்.

இவ்வளவு இனிமையாகப் பேசுகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பயம். பையிலிருந்து கொக்கித் தராசை எடுத்து டிங்கியை மாட்டினேன். 24.2 காட்டியது. சரியாக இருந்ததுதான் இன்னும் சந்தேகமாக இருந்தது. சுவரோரம் எதையோ சாக்கு போட்டு மூடியிருந்தார்கள். விலக்கினால், உட்காரும் பலகையும் இரண்டு துடுப்பும்.

"இது எதோடது?" அன்று நான் பேசிய முதல் வார்த்தை.

"இதோடதுதான் பாப்பா. சும்மா கழட்டி வச்சிருக்கு."

"அப்ப நின்னுக்கிட்டே கையால தண்ணியத் தள்ளவா?" என்றார் மாமா.

பலகையைத் திருகி மாட்டி, துடுப்புகளையும் உள்ளே போட்டு நிறுத்தால், எல்லாம் சேர்த்து 31 கிலோ.

வாசலில் ஒரு லோடு ஆட்டோ நின்றது. அதன் தளம் தரையிலிருந்து இரண்டரை அடி. எங்கள் படகின் விளிம்பும் நீர்மட்டத்திலிருந்து அவ்வளவுதான். மேலே ஏறி நின்று, டிங்கியைக் கயிற்றால் மூன்று தடவை இழுத்தேன். மூன்று தடவையும் பாதியில் நின்றுவிட்டது.

"இம்புட்டு கனம் ஒனக்கு ஆகாதுத்தா" என்று மாமா, கூலிக்கு ஆள் கூப்பிடப் போனை எடுத்தார். இதற்காகவே காத்திருந்தாரோ என்று எனக்குத் தோன்றியது.

கீழே இறங்கினேன். நான்கு திருகைக் கழற்றி, பலகையையும் துடுப்புகளையும் முதலில் ஆட்டோவில் போட்டேன். பிறகு மேலே ஏறி, டிங்கியைப் பாதிக்கு மேல் தளத்தின் விளிம்பைத் தாண்டி இழுத்து, மூக்கைக் கீழே அழுத்தினேன். பின்பக்கம் தானாக எழும்பி, வழுக்கிக்கொண்டு உள்ளே வந்தது. மொத்தம் நான்கு நிமிடம்.

பட்டறைக்காரர் சிரித்துவிட்டார். "அண்ணே, நான் பண்ணுன தில்லுமுல்லையே பாப்பா தொழிலாக்கிருச்சே!"

மாமா போனில், "ஒண்ணுமில்ல மாப்ள, சும்மா நல்லாருக்கியான்னு கேக்கத்தான்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பட்டறைக்காரர் விலை 18,500 சொன்னார், 17,000க்கு முடிந்தது. இதைவிட லேசானது வேண்டாம், காற்றில் கவிழும். வாங்கப் போகிறவர்கள் தங்கள் படகு விளிம்பின் உயரத்தை அளந்துகொண்டு போங்கள். பலகை, துடுப்பு எல்லாம் சேர்த்து எடை போடச் சொல்லுங்கள். ஏற்றப்போகிறவரே நேரில் ஏற்றிப் பார்க்க வேண்டும். விற்பவர் சொல்லும் எடையை நம்பாதீர்கள். "ஒனக்கு ஆகாது" என்பதையும் நம்பாதீர்கள், சொல்வது சொந்த மாமாவாகவே இருந்தாலும்.