எண்பது சதவீத சார்ஜ்

பசியாவரத்து மீனவர் தனசேகர் யாரையும் சட்டென்று நம்பிவிடுகிற ஆள் இல்லை. மீன் பெட்டியில் ஐஸ் கரைந்தால்கூட எவனோ அள்ளிவிட்டான் என்பார். ஊரில் எல்லோர் போனிலும் ஆபத்துச் செய்தி அனுப்பும் அந்தச் செயலி வந்த பிறகு அவருக்கு ஓயாத வேலை.

ஏரி நடுவில் டவர் எடுக்காது. படகு கவிழ்ந்தால் செய்தி பக்கத்துப் படகின் போனுக்குத் தாவி, அங்கிருந்து அடுத்ததற்குத் தாவி, கரைக்கு வந்துவிடும். அதற்கு எல்லோரும் செயலியை ஓடவிட வேண்டும். ஓடினால், ஒவ்வொரு படகும் நிற்கும் இடத்தைச் சதா கடத்திக்கொண்டே இருப்பதால் சார்ஜ் இறங்கும். ஏரியில் வலை கட்டும் இடத்துக்குப் பாடு என்று பெயர், அது முறை வைத்துத்தான் கிடைக்கும். செயலியை அணைத்தவனுக்கு அடுத்த முறை பாடு கிடையாது என்று கூட்டத்தில் சட்டம் போட வைத்ததே தனசேகர்தான். இறால் காலத்தில் ஒருவனுடைய முறை பறிபோனால் வீட்டில் அடுப்பு எரியாது.

கரையேறும் ஒவ்வொரு போனையும் ஓரக்கண்ணால் பார்ப்பார். அவருடையது பத்து சதவீதத்தில் வந்து நிற்கும். போன மாதம் வடகோடிப் பாடு விழுந்த பெரியசாமியின் போனில் எண்பது.

"இன்னாடா இது? அணைச்சு வெச்சிட்டு எங்க சார்ஜுல சவாரி பண்றியா?"

"சத்தியமா அணைக்கலண்ணே. ஏன் எறங்கலன்னு எனக்கே தெரில."

யாரும் நம்பவில்லை. பெரியசாமியின் முறை போயிற்று.

இந்த வாரம் வடகோடி தனசேகருக்கு விழுந்தது. மதியம் போனை எடுத்துப் பார்த்தார். எண்பத்திரண்டு. செயலி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அப்போதுதான் உறைத்தது: நடுவில் இருக்கிறவன் போன் எல்லோர் செய்தியையும் சுமக்கிறது, கோடியில் இருக்கிறவனுக்கு அப்பால் யார் இருக்கிறார்கள், சுமப்பதற்கு? பெரியசாமி பொய் சொல்லவில்லை.

ஆனால் கரையில் இதை எவன் நம்புவான்? அடுத்த முறை அவருக்கு இறால் அதிகம் விழும் முகத்துவாரப் பாடு. படகைத் திருப்பும்போதே சார்ஜ் இறங்கட்டும் என்று போன் டார்ச்சைப் போட்டார், போனில் கிடந்த கல்யாண வீடியோவை ஓடவிட்டார். கரை தட்டும்போது எழுபத்தொன்று.

கரையில் பெரியசாமி நின்றிருந்தான். கொளுத்தும் வெயிலில் தனசேகரின் சட்டைப் பையில் டார்ச் எரிவதைப் பார்த்தான்.

"அணைச்சிடுண்ணே," என்றான் மெதுவாக. "நானும் அன்னிக்கு வர்ற வழியெல்லாம் போட்டுப் பாத்தேன். பத்துக்கெல்லாம் எறங்காது."

தனசேகருக்கு அவமானத்தில் முகம் சுருங்கிப்போயிற்று. ஊர்த் தலைவர் போனை வாங்கக் கையை நீட்டிக்கொண்டு வந்தார்.

"எழுபத்தொண்ணு," என்றார் தனசேகர், அவர் கேட்பதற்கு முன்பே. "நான் அணைக்கல தலைவரே. அன்னிக்கு இவனும் அணைக்கல."

தலைவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் எப்போ கூட்டு சேந்தீங்க?"